பி.டி. டீச்சருக்கு எதற்கு இவ்வளவு படிப்பு?

ஆசிரியருக்கு வணக்கம். உடற்கல்வியில் பட்டம் முடித்த என் மகள் உடற்பயிற்சி அறிவியலில் முதுகலை படிக்கப் போகிறேன் என்றதும், கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள பாறசாலையில் எங்கள் சொந்தக்காரர்கள் கேட்டதுதான் மேலே உள்ள கேள்வி. டிரெட்மில்லில் ஒருவரை ஓடவிட்டு, முகமூடி வழியாக அவர் மூச்சில் செலவாகும் ஆக்சிஜனை அளந்து, அப்புறம் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, தசைகள் கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளின் அளவைப் பார்க்கிற படிப்பு ஐயா இது. மாரடைப்பிலிருந்து மீண்டவர் எவ்வளவு வேகமாக நடக்கலாம் என்று கணக்கிடவும் இந்த அறிவு வேண்டும்.

திருவனந்தபுரம் காரியவட்டத்தில் 1985 முதல் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது, சென்னைப் பக்கம் மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. இதையெல்லாம் எங்கள் எல்லைப் பிள்ளைகளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆளில்லை. சேர்க்கை விவரங்களை உங்கள் கல்விப் பக்கத்தில் முன்கூட்டியே போடுங்கள்.

– ஒரு தாய், பாறசாலை