அமுக்கராச் சூரணமும் அஸ்வகந்தா கப்சியூலும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு,

நித்திரை வரவில்லை, மனம் படபடக்கிறது என்று திருகோணமலையில் பலர் அஸ்வகந்தா கப்சியூல் வாங்கி விழுங்குகிறார்கள். "அமுக்கராதானே, அப்பம்மா காலத்து மருந்து" என்பது அவர்களின் தைரியம். மூலிகை ஒன்றுதான். மருந்து ஒன்றல்ல.

சித்த முறையிலான அமுக்கராச் சூரணத்தில் கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என ஒவ்வொன்றும் இரட்டித்துக்கொண்டே போகும். ஆக, 2 கிராம் சூரணத்தில் அமுக்கராக் கிழங்கு அரைக் கிராம்தான். அதையும் பால் கொதிக்கும் பானையின் வாயில் துணியை வேடு கட்டி, மேலே பொடியை வைத்து ஆவியில் அவித்து, வெயிலில் உலர்த்தி, திரும்ப இடித்துச் சலித்த பிறகே சேர்க்க வேண்டும். சூரணத்தின் ஆயுள் மூன்று மாதம். மாரி மழையில் போத்தலைத் திறந்து திறந்து மூடினால் அதற்கு முன்பே கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடித்துவிடும். பாதி எடை சர்க்கரை என்பதால், கரண்டி கரண்டியாக அள்ளும் சலரோகக்காரருக்கு இது ஆகாது.

கப்சியூலில் இருப்பதோ செறிவாக்கிய சாறு. அமுக்கராவில் வேலை செய்யும் சத்துக்கு விதனோலைட் என்று பெயர். லேபலில் "300 மில்லிகிராம், விதனோலைட் 5 சதவீதம்" என்றிருந்தால் ஒரு கப்சியூலிலேயே 15 மில்லிகிராம். அரைக் கிராம் கிழங்கில் இருப்பதைவிடப் பல மடங்கு. 10, 35 சதவீதச் சாறுகளும் விற்பனைக்கு உண்டு. சிலவற்றில் இலையையும் கலக்கிறார்கள். நாம் காலங்காலமாக உள்ளுக்குக் கொடுத்து வந்தது கிழங்கை. எந்தப் பாகம் என்று எழுதாத போத்தலை வாங்காதீர்கள்.

அரிதாக என்றாலும், இந்தக் கப்சியூல்களால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பெரும்பாலும் தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள் தெரியும். கண் மஞ்சளித்தால், சிறுநீர் கறுத்தால், உடம்பெல்லாம் அரித்தால் அன்றே நிறுத்தி, போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டென்மார்க் 2023இல் இதை உணவில் சேர்ப்பதையே தடைசெய்தது.

தைரொயிட் விஷயம்தான் அதிகம் கவனிக்கப்படாதது. அமுக்கரா தைரொயிட் ஹோர்மோனைக் கூட்டக்கூடியது. தைரொக்சின் குளிசை எடுப்பவருக்கு அதனால் நெஞ்சுப் படபடப்பு வரலாம். அதைப் பதற்றம் என்று எண்ணி இன்னொரு கப்சியூல் போட்டால் படபடப்பு இன்னும் ஏறும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஈரல் நோயாளர், சிறுநீரகம் மாற்றியவர்கள் தொடவே வேண்டாம். நித்திரைக் குளிசை, சீனிக் குளிசை, பிரஷர் குளிசை ஆகியவற்றின் வேகத்தையும் இது கூட்டும். சத்திரசிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

பலன் தெரியவே ஆறு, எட்டு வாரம் எடுக்கும்; முதல் இரவே நித்திரை வரவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் தொடர வேண்டாம். கிளினிக் போகும்போது கப்சியூலின் பெயரையும் அளவையும் டொக்டரிடம் சொல்லி, கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

சித்த மருத்துவர் ஒருவர்,
திருகோணமலை