தூக்குவதற்கு இயந்திரம் வரட்டும், துணைக்கு ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோரைப் பராமரிக்க வந்திருக்கும் ரோபோக்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பேசுகிற ரோபோ, பாட்டுப் போடுகிற ரோபோ, மாத்திரை நேரத்தை நினைவூட்டுகிற ரோபோ என்று பலவற்றையும் அது அறிமுகப்படுத்தியது. ஆனால் படுக்கையோடு கிடக்கும் ஒருவரைத் தூக்கிப் புரட்டித் துடைத்து மாற்றுகிறவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ரோபோவின் உதவி முதலில் தேவைப்படுவது அப்படித் தூக்கிப் புரட்டுகிறவர்களுக்குத்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

பக்கவாதத்தில் விழுந்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது எங்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்ட பாடங்களில் ஒன்று. வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால் ஆகிய இடங்களில்தான் படுக்கைப்புண் தொடங்கும். அங்கே தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்ப்போம். விரலை எடுத்ததும் அந்த இடம் வெளுத்துப் பிறகு சிவந்தால் இன்னும் தாமதமாகவில்லை என்று பொருள். அழுத்தியும் வெளுக்காவிட்டால் உள்ளே சதை கெடத் தொடங்கிவிட்டது. மருத்துவமனையில் திருப்புவதற்கு இரண்டு பேர் இருப்போம். ஒருவர் தோளுக்கடியிலும் மற்றவர் இடுப்புக்கடியிலும் கைகொடுத்து, விரிப்போடு சேர்த்து இழுப்போம். வீட்டில் யார் இருக்கிறார்கள்? எழுபது கிலோ கணவரைப் புரட்டுவது அறுபத்தைந்து வயது மனைவி. ஆறு மாதத்தில் அவருக்கு முதுகு போய்விடும். அதன்பிறகு அந்த வீட்டில் நோயாளிகள் இருவர்.

இந்த இடத்துக்கு இயந்திரம் வந்தால் இரண்டு கைகூப்பி வரவேற்பேன். ஜப்பானின் ரிகென் ஆய்வு நிறுவனம் 2015-இல் 'ரோபேர்' என்று கரடி முகம் கொண்ட ஒரு ரோபோவைக் காட்டியது. கட்டிலில் கிடப்பவரைக் கையில் ஏந்திச் சக்கர நாற்காலியில் உட்காரவைக்கும். உலகமெங்கும் செய்தித்தாள்கள் அதன் படத்தைப் போட்டன. ஆனால் அது ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வீடுகளுக்கு வரவே இல்லை. அதே வேலையைச் செய்ய மிக எளிய சாதனம் ஒன்று பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது. நோயாளியைக் கெட்டியான துணியில் கிடத்தி, கைப்பிடியை அழுத்தினால் மெல்ல மேலே தூக்கும். மின்சாரம்கூட வேண்டாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? நான் நோயாளிகளைப் பார்க்கப் போன எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

இதைச் சொல்லும்போது திருவனந்தபுரம் நினைவுக்கு வருகிறது. பாதாளச் சாக்கடையில் மனிதன் இறங்கக் கூடாது என்று 'பாண்டிகூட்' ரோபோவைச் செய்த நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. அதே நிறுவனம் பக்கவாதத்தில் கால் செயலிழந்தவர்களுக்கு நடைப்பயிற்சி கொடுக்கும் இயந்திரத்தையும் உருவாக்கியிருக்கிறது. மனித உடம்பை முறிக்கிற வேலை எதுவென்று பார்த்து அதற்கு இயந்திரம் செய்தார்கள். முதியோர் பராமரிப்பிலும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டுரை மிகவும் புகழ்ந்திருந்த, சீல் (கடல்நாய்) குட்டி வடிவ ரோபோ பொம்மை 'பாரோ'வைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொட்டால் கண் திறக்கும், தலையைத் திருப்பும், முனகும். மறதிநோய் உள்ளவர்களின் பதற்றம் இதனால் குறைவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. அமெரிக்காவில் 2009-இல் அதை மருத்துவச் சாதனமாகவே ஏற்றுக்கொண்டார்கள். மறதிநோயாளிகள் மாலை நேரத்தில் படும் அலைக்கழிப்பை வார்டில் பார்த்தவள் நான். அவர்களை அமைதிப்படுத்தும் எதையும் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதன் விலை நம் பணத்தில் சுமார் 5 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தத் தொகையை 30 ஆண்டுகள் ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் ஒரு பொம்மை வாங்கப் போதாது. அந்தப் பணத்துக்கு எத்தனை வீடுகளில் நல்ல கட்டிலும் மெத்தையும் போடலாம் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஜப்பானைப் பின்பற்ற வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். அப்படியானால் முழுமையாகப் பின்பற்றுவோம். அங்கே 2000-ஆம் ஆண்டிலிருந்து முதியோர் பராமரிப்புக்கென்றே காப்பீடு இருக்கிறது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அனைவரும் அதற்குத் தவணை கட்டுகிறார்கள். முதுமையில் தளர்ந்தவர் சாய்வுக் கட்டிலையோ தூக்கும் சாதனத்தையோ வாடகைக்கு எடுத்தால், பெரும்பாலோர் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். மீதியைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். இவ்வளவு இருந்தும், ரோபோ செய்வதில் உலகத்துக்கே முன்னால் நிற்கும் அந்த நாடு, 2019 ஏப்ரலில் பராமரிப்பு வேலைக்கும் சேர்த்து வெளிநாட்டவருக்குப் புதிய விசாவைத் திறந்தது. ஆட்கள் இல்லாமல் முடியவில்லை என்பதுதான் காரணம். கட்டுரை இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நம் மாவட்டத்து நிலைமைக்கு வருகிறேன். 2021-இல் தமிழக மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள் என்றும், 2031-இல் அது 18 சதவீதத்தைக் கடக்கும் என்றும் மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது. குமரியில் படிப்பு அதிகம், அதனாலேயே பிள்ளைகள் ஊரில் தங்குவதும் குறைவு. மகன் வளைகுடாவில் அல்லது கப்பலில், மகள் அயர்லாந்திலோ இங்கிலாந்திலோ நர்ஸ். அங்கே யாரோ ஒரு மூதாட்டியைக் குளிப்பாட்டிவிட்டு வந்து, இங்கே தன் தாய் சாப்பிட்டாரா என்று போனில் கேட்கும் பெண்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் குற்றம் சொல்லிவிடக் கூடாது. வீடு கட்டிய கடனும் தம்பி தங்கை படிப்பும் அவர்கள் தோளில்தான் இருந்தன.

அந்தப் பிள்ளைகள் கவலையில் செய்வது என்ன? கேமரா வைக்கிறார்கள். அருமனைப் பக்கம் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவரின் படுக்கையறையிலேயே கேமரா மாட்டியிருந்தது. சேலை மாற்றும்போதெல்லாம் கம்பு கொண்டு ஒரு துண்டைத் தூக்கி அதன்மேல் போட்டு மூடிவிடுவார். வெளிநாட்டில் மகன் பதறிப் போன் செய்வார். 'நான் சாகவில்லை மக்களே, துணி மாற்றுகிறேன்' என்று பதில் சொல்வார். நாளைக்கு வரப்போகும் ரோபோவிலும் கேமரா இருக்கும், அந்த அம்மாவின் கூச்சமும் அப்படியேதான் இருக்கும். எப்போது அதை அணைக்கலாம் என்று முடிவுசெய்யும் உரிமை முதியவரின் கையில் இருக்க வேண்டும். அதே கூச்சத்தால் இயந்திரத்தை விரும்புவோரும் உண்டு என்பதையும் பார்த்திருக்கிறேன். மகள் கையால் மலம் கழுவ விடாமல் நாள்முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே கிடந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். தானாகக் கழுவித் துடைக்கும் கழிப்பறை இருக்கை ஒன்று இருந்தால் அவர்கள் நிம்மதியாக ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்கள். அவர்களுடைய விருப்பத்தை யாராவது கேட்டார்களா?

இந்த மாவட்டத்தின் முதியோர் பராமரிப்பை இன்று தாங்கி நிற்பவர்கள் 'ஹோம் நர்ஸ்' என்று அழைக்கப்படும் பெண்கள்தான். பெரும்பாலும் கணவரை இழந்தவர்கள், முந்திரி ஆலை வேலை உடம்புக்கு ஒத்துவராமல் விட்டவர்கள். ஏஜென்சிக்குக் கமிஷன் போக மீதிதான் கையில் வரும். இரவு பகல் என்று கணக்கில்லை, பயிற்சி இல்லை, முதுகு போனால் கேட்பாரும் இல்லை. மூக்கு வழியாக உணவு செலுத்தும்போது தலையை உயர்த்தி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காமலே அனுப்பிவிடுகிறார்கள். உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடிந்தால் பழி அந்தப் பெண்மீது விழுகிறது. ரோபோவுக்குச் செலவழிக்கத் தயாராகும் அரசு இவர்களுக்குச் சில மாதப் பயிற்சியும், ஒரு சான்றிதழும், குறைந்தபட்சக் கூலியும் முதலில் கொடுக்கட்டும்.

2017 நவம்பர் 30-ஐ இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. ஒக்கி புயலுக்குப் பிறகு பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரத்தில் இயங்கும் ஏர் பெட்டில் கிடந்தவர்களுக்கு மெத்தை காற்றிறங்கித் தட்டையானது. அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள் முறைவைத்து வந்து திருப்பிப் படுக்கவைத்ததால்தான் சிலருக்குப் புண் வராமல் தப்பியது. எந்த இயந்திரத்தை வாங்கினாலும் அது நின்றுபோகும் நாளுக்கு ஆள் வேண்டும்.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. வட்டார அரசு மருத்துவமனைகளில் சாய்வுக் கட்டில், ஏர் பெட், தூக்கும் சாதனம், சக்கர நாற்காலி ஆகியவற்றை வாங்கி வைத்துக் குறைந்த வாடகைக்கோ இலவசமாகவோ கொடுக்கலாம். கேரளத்தில் வலி நிவாரண அமைப்புகள் இதை ஊரார் உதவியோடு செய்துவருகின்றன. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். எந்த வீட்டுக்கு எது தேவை என்று அவர்கள் எழுதிக்கொடுத்தால் போதும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் ஹோம் நர்ஸ் பெண்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கலாம். ஓய்வுபெற்ற செவிலியர்கள் இம்மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். அழைத்தால் ஊதியம் இல்லாமலே வந்து கற்றுக்கொடுக்கத் தயாராக இருக்கிறேன். என்னோடு வேலைபார்த்தவர்களும் வருவார்கள்.

தங்கள் இதழ் இந்தப் பெண்களில் சிலரையாவது நேரில் சந்தித்து, அவர்கள் எவ்வளவு பாரம் தூக்குகிறார்கள், கையில் என்ன வாங்குகிறார்கள் என்று ஒரு கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.