உலைக்கு அனுப்பும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: ஹயரார்க்கி சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இறந்தவர்களின் ஆவிகளாகப் பாத்திரமேற்று நாம் ஆடும் 'ரெய்த்' என்னும் மேசை ஆட்டத்தில், ஆவிகளை ஆளும் ஹயரார்க்கி அரசின் பெயரில் நம் மேசைகளையெல்லாம் நடத்தி வரும் சபை தாங்கள். அந்த அரசின் படைகளில் ஒன்றான எமரால்டு லீஜியனைச் சேர்ந்த பேருந்து ஓட்டுநர் பாத்திரத்தை உலையில் உருக்கி, ஆவியுலகில் செல்லும் ஓபலஸ் காசாக்கியதாகக் கடந்த அமர்வில் தாங்கள் அறிவித்த தீர்ப்பைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன். நடந்தது என்னவென்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; தீர்ப்பை எழுதியவர்களே தாங்கள்தான். ஆனால் அது மேசைக்கு மறுபுறம் உட்கார்ந்திருந்தவரை என்ன செய்தது என்பது சபைக்கு எட்டியதாகத் தெரியவில்லை. அதனால்தான் இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல், நம்மோடு ஆடும் அனைவரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான். எந்தப் பாத்திரத்தையும் உலைக்கு அனுப்பும் முன், அதை ஆடுபவரை அழைத்து அவர் தரப்பைக் கேளுங்கள்.

இதைக் கேட்கும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சபையில் சிலர் நினைக்கலாம். அந்த ஓட்டுநரின் நிழலை ஆடியவன் நான். 'ரெய்த்' ஆட்டத்தில் ஒவ்வோர் ஆவிக்குள்ளும் அதை அழிவை நோக்கி இழுக்கும் ஒரு நிழல் உண்டு என்பதும், அந்த நிழலின் குரலை வேறோர் ஆட்டக்காரர் ஏற்றுப் பேச வேண்டும் என்பதும் 1994ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலிருந்தே இந்த ஆட்டத்தின் உயிர்நாடி. அந்த ஓட்டுநரை ஆடும் பெண்ணின் காதருகே உட்கார்ந்து, "உன் மகள் உன்னை மறந்துவிட்டாள்" என்று சொல்வதே எனக்குத் தரப்பட்ட வேலை. அந்தப் பாத்திரம் அழிய வேண்டும் என்று ஆடிய ஒரே ஆள் நான்தான். அப்படிப்பட்ட நானே இந்த அழிவை ஏற்க முடியாமல் எழுதுகிறேன் என்பதைச் சபை கருத்தில் கொள்ள வேண்டும்.

அவருடைய பாத்திரத் தாளைத் தாங்கள் எப்போதாவது வாங்கிப் பார்த்தீர்களா? கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மையால் தமிழில் எழுதியிருந்தார். பேரார்வம் என்ற தலைப்பின் கீழ் முதல் வரி, "மகளைக் காப்பேன் (அன்பு)". கீழே அந்த ஓட்டுநரை வாழ்வோர் உலகோடு கட்டி வைத்திருக்கும் தளைகள் மூன்று. மகளுக்கு ஐந்து புள்ளிகள். சமையலறை நிலைக்கதவில் அவள் உயரத்தை ஆண்டுதோறும் குறித்த பென்சில் கோடுகளுக்கு மூன்று. வண்டி எடுக்கும்போது கட்டிக்கொள்ளும் கைக்கடிகாரத்துக்கு இரண்டு. அட்லாண்டா நகரத்து ஓட்டுநர் ஒருவரை உருவாக்குவதற்காக, அந்த ஊர்ப் பேருந்துகள் எந்தெந்தத் தெருக்களில் போகின்றன என்று வரைபடத்தைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தார். ஏன் ஓர் ஓட்டுநர், ஏன் ஒரு மகள் என்பதை என்னிடம் மட்டும் சொன்னார். நிழலை ஆடுபவனுக்கு எங்கே தொடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

அந்த ஓட்டுநர் செய்த குற்றம் என்ன? அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கூடத்தில் தூங்கிப்போன மகளை எழுப்புவதற்காக, பொருள்களை அசைக்க ஆவிகளுக்கு உதவும் அவுட்ரேஜ் ஆற்றலைக் கொண்டு ஒரு தட்டைத் தரையில் தள்ளிவிட்டான். இறந்தவர்கள் வாழ்வோர் உலகில் தலையிடக் கூடாது என்னும் டிக்டம் மோர்ட்டுவம் அதைத் தடுக்கிறது என்பது உண்மை. அவன் சட்டத்தை மீறவில்லை என்று நான் வாதாட வரவில்லை. அந்தக் காட்சி முடிந்ததும் எங்கள் மேசையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஆட்டத்தை நடத்தும் கதைசொல்லி பகடையை எடுக்கவும் மறந்துபோனார். இந்த ஆட்டம் எதற்காக இருக்கிறதோ அதை அன்று நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

பிறகு நடந்ததுதான் என்னால் விழுங்க முடியாதது. இரண்டு அமர்வுகளுக்கு இடையே சபை கூடியது. ஆடுபவரை அழைக்கவில்லை. எங்கள் மேசையின் கதைசொல்லிக்கும் தகவல் இல்லை. அவன் எமரால்டு லீஜியனைச் சேர்ந்தவன், ஆகவே அவனுக்காகப் பேச வேண்டியவர் அந்த லீஜியனின் அதிகாரி. அவரையும் கேட்கவில்லை என்று அவரே எங்களிடம் சொன்னார். அடுத்த அமர்வில், இரவுப் பணி முடித்துத் தூங்காமல் நேரே வந்திருந்த அந்தப் பெண், தம் தாளை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். கருவூலப் பொறுப்பாளர் லீஜியன் வீரர்களுக்குக் காசு பங்கிடத் தொடங்கினார். எங்களில் ஒருவருக்கு ஒரு காசைக் கொடுத்து, "இது அந்த டிரைவர்" என்றார். அப்படித்தான் அவருக்குத் தெரியவந்தது. தம் பாத்திரம் உருக்கப்பட்ட செய்தியை, அது பக்கத்து இருக்கைக்காரரின் பையில் விழும்போதுதான் அவர் கேட்டார்.

"அப்படியென்றால் இன்றைக்கு நான் யாரை ஆடுவது?" என்று அவர் கேட்டார். சபையில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. புதுப் பாத்திரத்துக்கான வெற்றுத் தாள் ஒன்று அவர் பக்கம் நகர்த்தப்பட்டது. அமர்வு முடியும்வரை அவர் எழுந்து போகவில்லை. அந்தத் தாளில் ஒரு வரியும் எழுதவுமில்லை. காசை வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்க முயன்றபோது, கருவூலக் கணக்கைத் திருத்த முடியாது என்று அவருக்குச் சொல்லப்பட்டது.

ஹயரார்க்கி என்பது கொடுங்கோல் அரசுதான், நூலில் உள்ளபடிதான் ஆடினோம் என்று சபை சார்பில் விளக்கம் தரப்பட்டதாக அறிகிறேன். நூலில் உள்ளதை நானும் படித்திருக்கிறேன். ஹயரார்க்கியின் தலைநகரான ஸ்டிஜியாவில் ஆன்மாக்கள் உருக்கப்படுகின்றன, வாளாகவும் விலங்காகவும் காசாகவும் வார்க்கப்படுகின்றன, அந்த வாள்களில் சில முனகுகின்றன என்பதெல்லாம் உண்மை. அந்தக் கொடுமையை மென்மையாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அது மேசைமேல் நடக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். விலங்கு பூட்டி இழுத்து வரப்படும் ஓட்டுநரை அவர் ஆடியிருப்பார். ஹயரார்க்கியின் உயர் அதிகாரியான அனாக்ரியானின் முன்னால் நின்று, "பால் பொங்கி அடுப்பு அணைந்தால் வாயு பரவும், என் மகள் தூங்குகிறாள்" என்று அவன் சொல்லியிருப்பான். நானும் அவன் காதில் என் வேலையைச் செய்திருப்பேன். ஹயரார்க்கியை எதிர்க்கும் ரெனிகேடுகள் வழிமறித்திருக்கலாம், எமரால்டு லீஜியனும் கிரிம் லீஜியனும் அந்த ஓர் ஆன்மாவுக்காக மோதியிருக்கலாம். எதுவுமே நடக்காமல் அவன் உலைக்குப் போயிருந்தாலும், அந்த முடிவு அவருடையதாகவும் எங்களுடையதாகவும் இருந்திருக்கும். பாத்திரத்தின்மேல் கொடுங்கோன்மை செலுத்துவது கதை. அதை ஆடுபவரின்மேல் செலுத்துவதற்கு எந்த நூலும் சபைக்கு அதிகாரம் தரவில்லை.

இந்த ஆட்டத்தின் மிகக் கடுமையான விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆவியின் உடல் முற்றிலும் சிதைந்தால் அது ஹரோயிங் என்னும் கொடுங்கனவுக்குள் இழுக்கப்படுகிறது. அங்கே நிழலை ஆடுபவர் காட்சியை நடத்துகிறார், மற்ற ஆட்டக்காரர்கள் அந்தக் கனவில் வரும் மனிதர்களாகிறார்கள், உள்ளே சிக்கியவர் தம் அச்சத்தை நேருக்கு நேர் பார்த்து ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நிரந்தர அழிவின் விளிம்பில் நிற்கும் ஆவிக்கும் இதுதான் விதி. அதாவது, எல்லாவற்றையும் விழுங்கும் ஆப்ளிவியனே ஓர் ஆவியை விழுங்கும் முன் அதை ஆடுபவருக்கு ஒரு காட்சியைத் தருகிறது. நம் சபை தரவில்லை. ஆகவே மீண்டும் கேட்கிறேன்: உலைக்கு அனுப்பும் முன் ஆடுபவரை அழைத்துக் கேளுங்கள்.

இறந்தவர்களைப் பற்றிய ஆட்டம் இது என்பதைச் சபை மறந்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன். இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்கள் 1997இல் நாஜி இனப்படுகொலையில் கொல்லப்பட்டவர்களின் ஆவிகளைப் பற்றி ஒரு துணைநூலை வெளியிட்டார்கள். விளையாட்டு நூலில் இதைத் தொடலாமா என்ற கேள்வியின் கனத்தை உணர்ந்தே அதை எழுதினார்கள். அந்த அக்கறையின் வழியில் வந்த ஆட்டத்துக்குள், தம் சொந்தத் துயரத்தின் ஒரு துண்டை நம்பி எடுத்து வருகிறவர்கள் இருப்பார்கள். எல்லோரும் அப்படி வருவதில்லை, பகடை உருட்டிச் சண்டையிட வருபவர்களும் வரவேற்கத்தக்கவர்களே. ஆனால் யார் எதை எடுத்து வந்திருக்கிறார் என்பது கேட்காமல் தெரியாது. கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. நெடுநாளாகப் பலர் மனத்தில் இருந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. நம் ஆட்டத்தைத் தொடங்கி வைத்த மூத்த கதைசொல்லி வேலை நிமித்தம் வெளிநாடு சென்றபோது, புதிய தலைமைக் கதைசொல்லியைத் தேர்ந்தெடுக்கும்வரை மட்டும் என்று சொல்லித்தான் இந்தச் சபை அமைக்கப்பட்டது. அந்தத் தேர்தல் நடக்கவே இல்லை. ஆட்டத்தின் கதையில் 1945இல் ஸ்டிஜியாவின் பேரரசர் கேரன், கோரூல் என்னும் அரக்கனோடு போரிட்டு மறைந்தபின், அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே ஏழு மரணப் பிரபுக்கள் தமக்குள் ஆட்சியைப் பங்கிட்டுக்கொண்ட கதையை வாரந்தோறும் ஆடிக்கொண்டிருக்கும் நமக்கு, நம் நடுவிலேயே ஒரு காலி இருக்கையின் பெயரால் தீர்ப்புகள் வருவது உறுத்த வேண்டாமா? குடியரசாகத் தொடங்கிப் பேரரசாக மாறிய ஸ்டிஜியாவின் வரலாற்றைப் புதியவர்களுக்குப் பாடமாகச் சொல்லித் தருகிறவர்களும் தாங்கள்தானே! சபையின் தீர்ப்புப் புத்தகத்தைப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. சபைக் கூட்டம் கடைசிப் பேருந்து போன பிறகே தொடங்குகிறது. சொந்த வண்டி இல்லாதவர்கள் அதில் உட்கார முடியாது. லீஜியன் பதவிகள் அனைத்தும் தொடக்க காலத்து ஆட்டக்காரர்களிடமே இருக்கின்றன. புதிதாக வருபவர், முகத்திரை கிழித்து விழிக்கச் செய்யப்படாத புது ஆவியாகவே மாதக்கணக்கில் காத்திருக்கிறார். பிறகு வராமல் நின்றுவிடுகிறார். ஏன் நின்றார் என்று கேட்டு ஒரு செய்தியாவது அனுப்பியதுண்டா?

இவை தனியே பேசப்பட வேண்டியவை, பேசுவோம். இன்றைய கோரிக்கையை அவற்றோடு கலந்து நீர்த்துப்போகச் செய்ய நான் விரும்பவில்லை.

சபையில் இருப்பவர்கள் ஊதியம் எதுவும் இல்லாமல், தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்து இத்தனை மேசைகளையும் ஒரே நகரத்தின் கதையாகக் கட்டிக் காத்து வருகிறீர்கள் என்பதை நான் அறிவேன். ஒரு மேசையில் நடப்பது இன்னொரு மேசையில் எதிரொலிக்கும்படி செய்வது எவ்வளவு கடினம் என்பதும் தெரியும். அந்த உழைப்பின்மேல் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. அந்த மதிப்பு இருப்பதால்தான் விலகிப் போகாமல் எழுதுகிறேன்.

ஆகவே சபையிடம் நான் பணிவோடு கேட்டுக்கொள்வது இதுவே. எந்தப் பாத்திரத்தையும் உருக்குவதோ நிரந்தரமாக அழிப்பதோ சபையின் எண்ணமாக இருந்தால், அதை ஆடுபவருக்கும் அவர் மேசையின் கதைசொல்லிக்கும் ஓர் அமர்வுக்கு முன்பே சொல்லுங்கள். விசாரணையை மேசைமேல், அந்தப் பாத்திரம் இருக்கும்போது, ஆட்டமாகவே நடத்துங்கள். சபையில் இல்லாத ஓர் ஆட்டக்காரராவது தீர்ப்பில் பங்கு கொள்ளட்டும். இதை விதியாக எழுதி எல்லா மேசைகளுக்கும் கொடுங்கள். அதுவரை ஓட்டுநர்மேல் வந்த தீர்ப்பை நிறுத்தி வையுங்கள். காசு இன்னும் யாரும் செலவழிக்காமல் அந்த நண்பரிடமே இருக்கிறது, உலையில் இட்டது உண்மையில் வேறோர் ஆன்மா என்று கதையைத் திருப்ப நம் கதைசொல்லிகளால் முடியும். அதன்பின் விசாரணை நடந்து அவனுக்கு அதே தண்டனை கிடைத்தாலும், நான் எழுந்து நின்று எதிர்க்க மாட்டேன்.

அடுத்த அமர்வுக்கு முந்தைய சபைக் கூட்டத்தில் இந்த மடலை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறும், கூட்டத்தை மாலை ஆறு மணிக்குள் தொடங்குமாறும் வேண்டுகிறேன். அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பாத்திரத் தாளை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார். கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எமரால்டு லீஜியன் மேசையைச் சேர்ந்த ஓர் ஆட்டக்காரன்