யுகே 5 அளவு ஷூவை ஈயூ 39 என்று விற்றது பற்றிய புகார்

பெறுநர்
குறைதீர் அலுவலர்,
இணைய விற்பனைப் பிரிவு

பொருள்: தவறான அளவு அட்டவணை, மாற்று ஷூ அல்லது முழுப் பணம் கோருதல்

ஐயா / அம்மா,

உங்கள் தளத்தில் வாங்கிய பெண்கள் ரன்னிங் ஷூவின் பெட்டியிலும் நாக்கின் (லேஸுக்கு அடியில் உள்ள பட்டையின்) உட்புற லேபிளிலும் ‘யுகே 5, ஈயூ 39, யுஎஸ் 6’ என்று அச்சாகியிருக்கிறது. ஒரே ஷூவுக்கு இந்த மூன்று எண்களும் பொருந்தாது. ஈயூ 39 என்று பார்த்துத்தான் ஆர்டர் கொடுத்தேன். கட்டைவிரல் முன்னால் முட்டுகிறது. ‘வாடிக்கையாளர் தவறான சைஸைத் தேர்வு செய்தார்’ என்று சொல்லித் திரும்ப வாங்க மறுத்துவிட்டீர்கள். அதை நான் ஏற்கவில்லை.

யுகே (பிரிட்டன்), ஈயூ (ஐரோப்பா) ஆகிய இரண்டு முறைகளும் பாதத்தை அளப்பதில்லை, ஷூ தைக்கப் பயன்படும் கால் வடிவ அச்சான லாஸ்டை அளக்கின்றன. யுகேயில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு பார்லிகார்ன், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, 8.47 மி.மீ. ஐரோப்பாவில் அது ஒரு பாரிஸ் பாயின்ட், 6.67 மி.மீ. லாஸ்டின் நீளத்தை அங்குலத்தில் எடுத்து, மூன்றால் பெருக்கி, 25-ஐக் கழித்தால் யுகே எண். செ.மீ.யில் எடுத்து ஒன்றரையால் பெருக்கினால் ஈயூ எண்.

யுகே 8-க்கு லாஸ்ட் 27.94 செ.மீ., ஈயூ 42-க்கு 28 செ.மீ. இந்த வரி சரி. ஆனால் உங்கள் அட்டவணை இதை வைத்துக்கொண்டு மேலும் கீழும் ஒவ்வோர் எண்ணாக நகர்த்தி மற்ற வரிகளை நிரப்பியிருக்கிறது. படிகளின் உயரம் வேறாக இருக்கும்போது இது எப்படிப் பொருந்தும்? யுகே 5 என்பது 25.4 செ.மீ., ஈயூ 39 என்பது 26 செ.மீ. வந்த ஷூவின் இன்சோலை (உள்ளே போடும் அடித்தட்டை) உருவி அளந்தேன்: 25.4. பெரிய எண்களில் தவறு தலைகீழாகிறது. ஈயூ 45 கேட்பவருக்கு நீங்கள் அனுப்பும் யுகே 11, ஏறக்குறைய 5 மி.மீ. பெரிதாக இருக்கும்.

6 மி.மீ. அற்பமல்ல. என் பாதம் 24.5 செ.மீ. ஓடும்போது பாதம் முன்னோக்கி நகர்வதால் விரல்களுக்கு முன்னால் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. இடம் வேண்டும், இதில் 9 மி.மீ.தான் மிச்சம். இறக்கத்தில் ஓடினால் நகம் கறுத்துவிடும்.

யுஎஸ் 6 என்பது ஆண்களுக்கான கணக்கு. பெண்களுக்கான யுஎஸ் எண் ஆண்களுடையதைவிட ஏறத்தாழ ஒன்றரை கூடுதல் என்பதால் யுகே 5-க்கு ஏறத்தாழ 7½ என்று இருக்க வேண்டும். அட்டவணையின் ‘செ.மீ.’ என்ற பத்தியிலும் அது பாதத்தின் நீளமா, இன்சோலின் நீளமா என்ற விளக்கமே இல்லை. ஜப்பானிய எண்ணும் ஐஎஸ்ஓ 9407 என்ற சர்வதேசத் தரத்தின் மாண்டோபாயின்ட் எண்ணும் பாதத்தின் நீளத்தையே சொல்கின்றன. மாண்டோபாயின்டில் அகலமும் சேர்ந்து வரும். உங்கள் அட்டவணையில் அகலத்துக்கு இடமே இல்லை.

யுகே 5½ (25.8 செ.மீ.) இருந்தால் மாற்றித் தாருங்கள்; இல்லையேல் கூரியர் கட்டணத்துடன் முழுப் பணம் வேண்டும். விளம்பரப்படுத்திய தன்மை பொருளில் இல்லாதபோது திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதி. ஷூ வெளியில் அணியப்படவில்லை. டேக், பெட்டி எல்லாம் அப்படியே உள்ளன. அட்டவணையைத் திருத்தும் வரை தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்து இன்றும் யாரோ ஆர்டர் போட்டுக்கொண்டிருப்பார்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: லேபிள், பெட்டி, அளவுகோலுடன் இன்சோல் ஆகியவற்றின் படங்கள்; உங்கள் அட்டவணையின் திரைப்பிடிப்பு