முருங்கைக்கீரையால் தீராத ரத்தச்சோகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீரகங்கள் செயலிழந்த என் தம்பி மூன்று ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்துகொள்கிறான். சென்ற ஆண்டு அவனுடைய ஹீமோகுளோபின் 7 கிராமுக்கு இறங்கியதைக் கேள்விப்பட்ட உறவினர்கள், "இதைச் சாப்பிட்டால் ரத்தம் ஊறும்" என்று மாதுளையும் பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரைச் சூப்புமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். பத்தாம் நாள் இரவு, கால்கள் துவண்டு எழுந்திருக்க முடியவில்லை என்றான். அந்த உணவுகளிலிருந்த பொட்டாசியத்தைச் செயலிழந்த சிறுநீரகங்களால் வெளியேற்ற முடியாமல், ரத்தத்தில் அதன் அளவு அபாய எல்லையைத் தாண்டியிருந்ததால் விடியும்வரை அவசர டயாலிசிஸ் நடந்தது. அந்த உறவினர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரத்தச்சோகை என்றாலே எல்லாருக்கும் ஒரே உணவுப் பட்டியலை வெளியிடும் நலவாழ்வுப் பக்கங்களைத்தான் அவர்களும் படித்திருந்தார்கள்.

சிறுநீரக நோயில் வரும் ரத்தச்சோகைக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது. நம் செல்களுக்குள் 'ஹிஃப்' எனப்படும் புரதம் ஓயாமல் உற்பத்தியாகிறது. ஆக்ஸிஜன் போதுமான அளவில் இருக்கும்போது ஒரு நொதி அந்த ஆக்ஸிஜனைக் கொண்டே இப்புரதத்தின்மேல் ஓர் அடையாளமிட, அதை வி.எச்.எல். என்ற இன்னொரு புரதம் இனங்கண்டு பற்றிக்கொள்ள, சில நிமிடங்களிலேயே ஹிஃப் சிதைக்கப்பட்டுவிடுகிறது. ஆக்ஸிஜன் குறைந்தால் அடையாளமிட வழியில்லாமல் போவதால், சிதையாமல் தங்கும் ஹிஃப் உட்கருவுக்குள் சென்று நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. உண்டாக்கி உண்டாக்கி அழிப்பது வீண் செலவாகத் தோன்றலாம். ஆனால் மூச்சுக்காற்று குறையும்போது புதிதாகத் தொடங்கிக் காத்திருக்க நேரமில்லை என்பதை எண்ணினால் இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். இதைக் கண்டறிந்த வில்லியம் கேலின், கிரெக் செமென்சா, பீட்டர் ராட்கிளிஃப் ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சிறுநீரகத்தில் இவ்வாறு முடுக்கப்படும் மரபணுவிலிருந்து எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோன் சுரந்து, சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டுகிறது. நோயால் சிறுநீரகம் தழும்பேறும்போது அந்த ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் தம் வேலையை மறந்துவிடுகின்றன. அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தும் உலை வைக்கச் சொல்ல ஆளில்லாத வீட்டின் நிலைதான் அப்போது உடலுக்கு. இந்நோயாளிகளுக்கு இரும்புச்சத்தும் குறைவதுண்டு; அதை ரத்தப் பரிசோதனையில் அறிந்து, தேவையானபோது மருத்துவரே ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்.

என் தம்பிக்கு எரித்ரோபொய்ட்டின் ஊசி போடுகிறார்கள். ஐஸ் வைத்த டப்பாவில் அதைச் சூடுபடாமல் எடுத்துச் செல்வது என் பொறுப்பு. ஹிஃப் புரதத்தில் அடையாளமிடும் நொதியைத் தடுத்து, உடலையே அந்த ஹார்மோனைச் சுரக்கச் செய்யும் டெசிடுஸ்டாட் மாத்திரைக்கும் 2022இல் இந்தியாவில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஹீமோகுளோபின் அளவுக்கு மீறி ஏறினால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டாதலால், ஊசியோ மாத்திரையோ மருத்துவரின் கண்காணிப்பில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரத்தம் ஊறும் உணவுகள் என்று இனி எழுதும்போதெல்லாம், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்ற ஒரு வரியைத் தடித்த எழுத்தில் அந்தப் பட்டியலுக்கு மேலேயே அச்சிடுமாறு தங்களை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
மதுரை