தோற்கிற ஓட்டுக்கும் கணக்கு உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜெயிக்கப்போகும் இரண்டு பேரில் ஒருவருக்குப் போடுங்கள், மற்றவர்களுக்குப் போட்டால் ஓட்டு வீண் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எங்கள் வீட்டிலும் காலங்காலமாக இதே பேச்சுதான். நானும் அப்படியே போட்டு வந்தவள். இப்போது அந்தக் கணக்கு சரியென்று தோன்றவில்லை.

2006 தேர்தலில் தேமுதிக தனியாக நின்றது. விருத்தாசலத்தில் விஜயகாந்த் மட்டும் ஜெயித்தார். ஆனால் மாநிலம் முழுக்க 8 சதவீதத்துக்கு மேல் ஓட்டு. அந்த 'வீண்' ஓட்டுகளைக் காட்டித்தான் 2011 கூட்டணியில் பேரம் பேச முடிந்தது. 29 இடங்கள், எதிர்க்கட்சித் தலைவர் பதவி! பிறகு அது கரைந்துபோனது வேறு கதை.

நாம் தமிழர் கட்சி 2016-இல் வாங்கியது ஏறக்குறைய 1 சதவீதம். 2024 மக்களவைத் தேர்தலில் கரும்பு விவசாயி சின்னம் வேறொரு கட்சிக்குப் போய்விட, மைக் சின்னத்தில் நின்றும் 8 சதவீதத்தைத் தாண்டியது. ஓர் இடம்கூட இல்லை. ஆனாலும் 8 சதவீதம் இருந்தால் மாநிலக் கட்சி அங்கீகாரம் உண்டு என்பது விதி; அது கிடைத்துவிட்டது. அங்கீகாரம் பெற்ற கட்சிக்குத் தனிச் சின்னம் ஒதுக்கிவிடுவார்கள், ஒவ்வொரு முறையும் அதற்காக அலைய வேண்டாம். எனக்கு அந்தக் கட்சியோடு நிறைய முரண்பாடு உண்டு, அது இருக்கட்டும்.

கோபத்தில் நோட்டாவை அழுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் வேட்பாளர் கட்டிய டெபாசிட் திரும்பும். அந்தக் கணக்கில்கூட நோட்டா சேராது. நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து நிற்பவர்தான் எம்.எல்.ஏ.

மூன்றாமவர் ஓட்டைப் பிரித்து, நமக்குப் பிடிக்காதவர் வந்துவிட்டால்? நியாயமான பயம்தான். எங்கள் மாவட்டத்து ராதாபுரத்தில் 2016-இல் வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. ஆனால் 49 ஓட்டில் தோற்றவர்தானே அடுத்த முறை ஓட்டைப் பிரித்த அந்தச் சிறிய கட்சிக்காரன் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருக்கும்?

இதெல்லாம் பட்டியலில் பெயர் இருந்தால்தான். வீடு மாறிய வருஷம் நான் வாக்காளர் அட்டையோடு வரிசையில் நின்று, பெயர் இல்லையென்று திரும்பினேன். அட்டை இருந்தால் போதும் என்று நினைத்தது என் தப்பு. புதிதாகச் சேர படிவம் 6, முகவரி மாற்ற படிவம் 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதில் 18 நிறைந்தாலும் சேரலாம். 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் கடந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது. சட்டமே அப்படி.

தங்களிடமும் ஒரு குறை. தேர்தல் சமயத்தில் இரண்டு கூட்டணி வேட்பாளர்களின் படத்தை மட்டும் போட்டுவிட்டு, மீதிப் பேரை 'மற்றும் பலர்' என்று முடித்துவிடுகிறீர்கள். அடுத்த முறை அவர்கள் யார், என்ன வேலை பார்க்கிறார்கள், எந்தச் சின்னம் என்று ஆளுக்கு இரண்டு வரியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பாளையங்கோட்டை