பெற்றோருக்கான மடல்: உளநல அமர்வில் கேட்கப்படவுள்ள கேள்விகள் குறித்து

மதிப்புக்குரிய பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

அடுத்த தவணையின் தொடக்கத்தில் தரம் 9 முதல் 11 வரையான மாணவர்களுக்கு உளநல அமர்வு நடைபெறும் என்றும், தூக்கமின்மை, துக்கம், படிப்பில் விருப்பமின்மை ஆகியவற்றோடு தற்கொலை எண்ணம் பற்றியும் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கேட்கப்படும் என்றும் பெற்றோர் கூட்டத்தில் அறிவித்திருந்தேன். அதன் பின்னர் உங்களிற் சிலர் அலுவலகத்துக்கு வந்து, “நினைக்காத பிள்ளைக்கும் நாங்களே நினைப்பூட்டினதாகப் போய்விடும், சேர்” என்று கவலை தெரிவித்தீர்கள். பிள்ளை மீதுள்ள அக்கறையில் எழுந்த கேள்வி என்பதால் அதற்கு எழுத்தில் விடை தருகிறேன்.

இதே அச்சம் பிற நாடுகளிலும் இருந்தது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் 2,300இற்கும் மேற்பட்ட உயர்நிலைப் பாடசாலை மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டுப் பார்த்த ஆய்வு 2005இல் வெளியானது. கேட்கப்பட்டோரிடம் அவ்வெண்ணமோ மனக்கலக்கமோ மற்றவர்களைவிடக் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வுற்றிருந்த பிள்ளைகளோ, கேட்கப்பட்ட பின்னர் கேட்கப்படாதவர்களைவிடக் குறைந்த கலக்கத்துடன் இருந்தனர். உள்ளே சுமந்துகொண்டிருப்பவரிடம் கேட்பது ஆறுதலாகிறது என்றே இதனை நான் விளங்கிக்கொள்கிறேன்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான நம் படுவான்கரையில் இக்கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இன்று தரம் 10இல் பயிலும் பிள்ளைகள் போரைக் கண்டதில்லை. ஆனால் 2007இல் ஊரைவிட்டு வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரை முகாம்களுக்குச் சென்றபோது அவர்களின் தாய் தந்தையரான உங்களிற் பலர் மாணவப் பருவத்தில் இருந்தீர்கள். அன்று உங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கடற்கோளுக்குப் பின்னர் வடக்குக் கிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்று, போர், கடற்கோள் ஆகியவற்றுடன் வீட்டுக்குள் நிகழும் அடியும் ஏச்சும் சேர்ந்தே பிள்ளையின் மனவடுவை ஆழமாக்குகின்றன எனக் கண்டது. தந்தையின் குடிப்பழக்கமும் முன்னைய போர் அனுபவங்களும் அந்த வன்முறையோடு தொடர்புற்றிருந்தன. யாரையும் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. கடந்துபோன போரையோ கடலையோ நம்மால் மாற்ற முடியாது. வீட்டுக்குள் நடப்பதை மாற்ற முடியும் என்பதால் எழுதுகிறேன்.

வயற்காரக் குடும்பங்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியது ஒன்றுள்ளது. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக, உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. 2005ஆம் ஆண்டளவில் அது ஏறத்தாழப் பாதியாயிற்று. போரின் போக்கோ, வேலையின்மையோ, மதுப்பாவனையோ இவ்வீழ்ச்சியோடு பொருந்தவில்லை; மிகக் கொடிய கிருமிநாசினிகள் 1995இலும் 1998இலும் தடை செய்யப்பட்டதே பொருந்தியது. நஞ்சருந்தி உயிர்தப்பியோரிற் பலர் அதற்கு முன் அரை மணி நேரங்கூட யோசித்திராதவர்கள் என்பதையும் நம் நாட்டு ஆய்வுகள் காட்டின. அந்தக் குறுகிய வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருப்பதே ஓர் உயிரைக் காக்கும். பூட்டி வைத்தால் போதாதா என நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் வடமத்திய மாகாணத்தில் 53,000இற்கும் மேற்பட்ட குடும்பங்களை உள்ளடக்கி 2017இல் வெளியான ஆய்வில், பூட்டுப் பெட்டி வழங்கப்பட்ட கிராமங்களுக்கும் வழங்கப்படாத கிராமங்களுக்கும் இடையே நஞ்சருந்துவோர் வீதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே கிருமிநாசினியை அப்போகத்துக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். மிஞ்சியதை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகள் நம் பாடசாலையில் உள்ளனர். அவர்களைப் பொறுப்பேற்றிருக்கும் மூத்தோர் மனந்தளர வேண்டியதில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், வறுமையும் குடும்பப் பிளவும் சூழ வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் நல்ல நிலையில் வளர்ந்தனர். அவர்களுக்கு, பெற்றவராக இல்லாவிடினும், மாறாத அன்புள்ள ஒருவராவது துணையிருந்தார். பலருக்கு அவர் பாட்டியாகவோ மூத்த சகோதரராகவோ இருந்தார்.

உங்கள் பிள்ளை சில நாட்களாக ஒதுங்கியிருந்தால், உண்ணாமலும் உறங்காமலும் இருந்தால், “நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி” என்பது போல் பேசினால், அமர்வு வரும்வரை காத்திருக்க வேண்டாம். “செத்துப்போகலாம் என்று நினைப்பு வருகிறதா, மகள்?” என்று அமைதியாகக் கேளுங்கள். ஆம் என்றால் ஏசாதீர்கள், புத்தி சொல்லவும் தொடங்காதீர்கள். தனியே விடாமல் கூடவே இருந்து, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். பொலிஸ் விசாரணைக்கு அஞ்சிச் சில குடும்பங்கள் இன்றும் மறைக்கின்றன. தற்கொலை முயற்சி 1998 முதல் நம் நாட்டில் குற்றமல்ல.

அமர்வில் பிள்ளை சொல்பவை வகுப்பில் பகிரப்படமாட்டா. உயிருக்கு ஆபத்து எனத் தெரிந்தால் மட்டும் அது உங்களுக்கும் வைத்தியருக்கும் அறிவிக்கப்படும். இதனைப் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். இத்துடனுள்ள சம்மதப் படிவத்தைக் கையொப்பமிட்டுத் தவணை முடிவதற்குள் வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கவும். சம்மதிக்காதவர்கள் படிவத்தை வெறுமையாகத் திருப்பியனுப்பாமல், ஒருமுறை என்னை நேரில் சந்திக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அதிபர்